அசெம்பிளி பாயின்ட் அம்மன்

வில்லியனூரைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தகர டின் கம்பெனியில் நான் சேஃப்டி ஆபீசர். பெயிண்ட் டப்பா, பிஸ்கட் டப்பா, எண்ணெய் டின் எல்லாம் அங்கே தயாராகின்றன. தினமும் காலையில் பாகூரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, கரிக்கலாம்பாக்கம் வழியாகக் கரும்பு டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்து, ஷிஃப்டு தொடங்குவதற்கு முன் போய்ச் சேருவேன். என் வேலை என்னவென்று என் மாமியாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. "ஒன்னும் நடக்கலன்னா நீ வேலை செஞ்சன்னு அர்த்தமா? அப்படின்னா நானும்தான் தெனம் வேலைக்குப் போறன்" என்பார். சில வருடங்கள் விளக்கிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

எனக்குக் கோபம் வரும். மெஷின் சத்தத்துக்காகக் காதில் வைக்க வேண்டிய அடைப்பானைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, "எடுத்துக்கினுதான் வந்தன் மேடம்" என்று காட்டுகிறவரைப் பார்த்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் அந்தக் கோபத்துக்கெல்லாம் அடியில் எனக்கு ஒரு பயம் இருந்தது. எங்கள் ஷெட் ரயில் பெட்டி மாதிரி நீளமானது. கதவு ஒரு கோடியில். மறு கோடியில் டப்பா மூடி அடிக்கும் பிரஸ் மெஷின்கள். இரண்டுக்கும் நடுவே வார்னிஷ் அடிக்கும் இடமும், அதைக் கரைக்கும் தின்னர் வைக்கும் ரூமும். தின்னரில் ஒரு பொறி விழுந்தால், பிரஸ்ஸில் இருப்பவர்கள் அந்தத் தீயைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். பின்சுவரில் ஒரு கதவு வைக்கலாம் என்றால், சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்தவர் கொல்லை. அவருக்கும் எங்கள் முதலாளிக்கும் வரப்புத் தகராறு, கோர்ட்டில் கிடக்கிறது.

கடைசி பிரஸ்ஸில் வேலை செய்தது ஓர் அக்கா. சுத்துக்கேணியிலிருந்து கம்பெனி வேனில் வருவார். ஐம்பதை நெருங்கிய வயது, கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் வலி. ஷெட்டில் இருந்த எல்லாரையும்விட மெதுவாக நடப்பவர் எல்லாரையும்விடத் தள்ளி உட்கார்ந்திருந்தார். வேறு மெஷினுக்கு மாற்றலாம் என்று நான் சொன்னபோது, "அந்த மிஷின் என் கைக்குத்தான் கேக்கும் மேடம், வேற ஆளு தொட்டா அடம் புடிக்கும்" என்று மறுத்துவிட்டார். அது உண்மையும்கூட. ஆக, சைரன் அடித்தால் கடைசியாக வெளியே வரப்போகிறவர் அவர்தான். வீட்டில் சோறு வடிக்கும்போதுகூட எனக்கு அந்த நினைப்பு வரும்.

தீ விபத்து பற்றி நான் வகுப்பு எடுத்தால் அக்கா ஒரு சின்னச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருப்பார். காரணம் இருந்தது. அவர் வருடா வருடம் ஆடியில் தன் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் தீ மிதிப்பவர். வீட்டுக்காரர் ஒரு சமயம் இடுப்பு அடிபட்டுப் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அவர் எழுந்து நடந்தால் தன் காலில் தெம்பு இருக்கும்வரை தீ மிதிப்பதாக அக்கா வேண்டிக்கொண்டார். எழுந்து நடந்தார், இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "நெருப்பு நம்மள இன்னா மேடம் பண்ணும்?" என்று அக்கா கேட்டால், என் கையில் இருக்கும் தீக்காயப் படங்களை நான் சுருட்டி வைத்துவிடுவேன்.

விபத்து என்றால் எல்லாரும் வந்து கூட வேண்டிய இடமாக, கம்பெனி மைதானத்தின் மூலையில் இருந்த வேப்ப மரத்தடியைத் தேர்ந்தெடுத்தேன். பச்சைப் போர்டு ஒன்றும் நட்டேன். நடுவில் நாலு மனிதர்கள், நாலு மூலையிலிருந்தும் அவர்களை நோக்கி அம்புக்குறிகள். கீழே 'அசெம்பிளி பாயின்ட்' என்று தமிழிலும் எழுதவைத்தேன். போர்டு நட்ட சில நாளில் யாரோ மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினார்கள். அடுத்த வாரம் ஒரு செங்கல் வந்தது. செங்கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வந்தது. பிறகு எங்கள் தகரத்திலேயே வெட்டிய ஒரு சூலம் வந்தது. அதன் ஓரங்களையாவது தேய்த்து மழுக்குங்கள் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வெள்ளிக்கிழமைகளில் பூசாரியானார். ஆடிப் பொங்கலும் வைத்தார்கள். போர்டைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்களா, கேலிக்கு வைத்தார்களா தெரியாது, எல்லாரும் 'அசெம்பிளி பாயின்ட் அம்மன்' என்றே சொல்ல ஆரம்பித்தார்கள். செங்கல் போய்க் கருங்கல் வந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் வைத்த போர்டுகளில் மக்கள் மதித்த போர்டு அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு வந்த முதல் தீ விபத்து ஒத்திகையில்தான் விஷயம் புரிந்தது. சைரன் அடித்தது. நான் மரத்தடியில் நின்றிருந்தேன். கதவு வழியாக முதல் ஆள் ஓடி வந்தார். வெளியே கால் வைத்ததும் நின்றார், குனிந்தார், ஷூ லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார். பின்னால் வந்தவர் அவர் மேல் மோதி, "இரு, நானும் கழட்டிக்கிறன்" என்று பக்கத்திலேயே உட்கார்ந்தார். மூன்றாவது ஆளுக்கு உட்கார இடம் இல்லாததால் கதவுக்கு உள்ளேயே ஒற்றைக் காலில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்களிடம் இருப்பது கணுக்கால்வரை லேஸ் கட்டும் சேஃப்டி ஷூ. தகரச் சீவல் பிளேடு போல அறுக்கும் என்பதால் நான்தான் அதை எல்லாரையும் போட வைத்திருந்தேன். இறுக்கிக் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

"நிக்காதீங்க, பின்னாடி ஆள் வர்றாங்க, வந்துக்கிட்டே இருங்க" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் லேஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "சாமிகிட்ட ஷூவோட வரச் சொல்றீங்களா மேடம்?" என்று கேட்டார். ஷூவை மரத்தடிக்குப் பக்கத்தில் வந்து கழற்றலாமே என்றால், செருப்பை வாசலில் விடுவதுதானே வழக்கம் என்றார்கள். சாமி எங்கே இருந்தாலும் சரி, வாசல் என்று ஒன்று இருந்தால் கழற்ற வேண்டியது அங்கேதான்.

நெரிசல் கரைந்தபின் உள்ளே போய்ப் பார்த்தேன். தின்னர் ரூமுக்குச் சரியாக எதிரே, ஒரு தகரக் கட்டின் மேல் அக்கா நிம்மதியாக உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முட்டி மடங்காததால் காலை நீட்டி, விரல் நுனியால் முடிச்சைத் துழாவிக்கொண்டிருந்தார். "அவசரம் இல்ல மேடம், எல்லாரும் போவட்டும், நான் பொறுமையா வர்றன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதை மறைக்க அவரைத் திட்டினேன்.

மேனேஜர் நல்ல மனிதர். அரியாங்குப்பத்திலிருந்து வண்டியில் வருவதற்குள் போக்குவரத்தில் அன்றைய தைரியம் முழுவதையும் செலவழித்துவிடுவார். "சாமி விஷயம், கை வைக்காதீங்க. ஆனா ஆடிட் வருது, சரி பண்ணிடுங்க" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

முதலில் போர்டைப் பிடுங்கி லாரி நிறுத்தும் இடத்தில் நட்டேன். அடுத்த ஒத்திகையில் போர்டுக்கு அடியில் நானும் ஒரு நாயும் மட்டும் நின்றோம். மற்ற எல்லாரும் வெறுங்காலோடு வேப்ப மரத்தடியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கடைசியாக வந்து சேர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார், "நெருப்புன்னா மனுசன் ஆத்தாகிட்ட ஓடுவானா, லாரிகிட்ட ஓடுவானா?" போர்டு பழைய இடத்துக்குத் திரும்பியது. யாரோ அதற்கு மாலை போட்டு வரவேற்றிருந்தார்கள்.

பிறகு வில்லியனூர் கடைத்தெருவில் ஷூ கடை வைத்திருக்கும் பாயிடம் போனேன். எங்களுக்கு ஷூ சப்ளை அவர்தான். லேஸ் இல்லாமல் அப்படியே கால் நுழைக்கும் சேஃப்டி ஷூ வேண்டும் என்றேன். காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் சிரிக்காமல் யோசித்தார். "கழட்றது சுளுவா இருக்கணும், சரிதான். ஆனா நீங்க கழட்டக் கூடாதுன்னுதானம்மா வாங்க வந்தீங்க?" என்றார். இருந்தாலும் வாங்கினேன். அடுத்த ஒத்திகையில் ஓடுகிற ஓட்டத்திலேயே எல்லாரும் ஷூவை உதறினார்கள். கதவருகே ஒரு குவியல் உண்டாகி, அதில் இடறி மூன்று பேர் விழுந்தார்கள். ஒத்திகை முடிந்து அவரவர் ஷூவைத் தேடிப் பிடிப்பதற்குள் மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. அக்காவுக்கு இரண்டும் இடது கால் ஷூவாகவே கிடைத்தன.

வேறு வழியில்லாமல் அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் பக்கத்தில் பூப்போட்டுப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டு, எதுவும் தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். எதுவும் தெரியாதவர் யார் என்று டிரைவர் கேட்டபோது, எல்லாரும் ஒன்று போல மேனேஜர் இருந்த பக்கம் திரும்பினார்கள். அவரும் வந்தார். "விபத்துச் சமயத்தில் மட்டும் ஷூவோடு உன் முன்னால் நிற்கலாமா தாயே" என்று டிரைவர் என் சார்பில் கேட்டார். மேனேஜர் ஒன்றை எடுத்தார். சிவப்பு.

அன்று சாயங்காலம் ஸ்கூட்டரில் போகும்போது அம்மனிடமும் கோபப்பட்டேன். ஒரு டிராக்டரைத் தாண்ட முடியாமல் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தபோதுதான், கேள்வியே தப்போ என்று தோன்றியது. சாமி முன்னால் ஷூ கூடாது, அது அவள் நியாயம். ஆனால் அவள் முன்னால் என்பது எதுவரைக்கும்? ஊரில் எந்தக் கோயிலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. எல்லைக்கு வெளியே டீக்கடையே நடக்கிறது. எங்கள் அம்மனுக்குத்தான் யாரும் எல்லை போடவில்லை. அதனால் கம்பெனி மைதானம் முழுவதும் கோயிலாகிவிட்டது.

மறுநாள் மரத்தின் நிழல் விழும் அளவுக்குச் சுண்ணாம்பால் ஒரு சதுரம் போட்டு, "இதுவரைக்கும் உன் வீடு, இதுக்கு வெளிய எங்க எடம், சரிதானா தாயே" என்று கேட்கச் சொன்னேன். டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கேட்டார். மேனேஜர் எடுத்தார். வெள்ளை. அக்கா குலவையிட்டார். அன்றே சுண்ணாம்புக் கோட்டின் மேல் மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். கோட்டுக்கு வெளியே ஷூவோடு நிற்கலாம், உள்ளே போவதென்றால் வெறுங்கால்.

அடுத்த ஒத்திகையில் ஒருவர்கூடக் கதவில் நிற்கவில்லை. அத்தனை பேரும் ஷூவோடு வந்து, மஞ்சள் கோட்டின் மேல் விரல் நுனிகூடப் படாமல் வெளியே வரிசையாக நின்றார்கள். கடைசியாக அக்கா வந்தார், ஆனால் வழியில் உட்காராமல் வந்தார். அவர் கதவைத் தாண்டிய அந்த நிமிஷம் எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது.

ஷெட்டுக்குள் நான் போட்டு வைத்த மஞ்சள் கோடுகள் எத்தனையோ இருந்தன. தீயணைக்கும் சிலிண்டருக்கு முன்னால் பொருள் வைக்கக் கூடாது என்று கோடு. அதன் மேல்தான் எப்போதும் அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருப்பார்கள். கத்தி அலுத்துப்போயிருந்த எனக்கு அன்று ஒரு யோசனை வந்தது. சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பொட்டு வைத்தேன். மறுநாள் காலையில் பெட்டிகளைக் காணோம். ஒரு சிலிண்டருக்கு மட்டும் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தார்கள். அது சிலிண்டரைத் திறக்க இழுக்கும் பின்னை மறைத்ததால் எடுத்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான். ஆடிட்டுக்கு வந்தவர் வடக்கத்திக்காரர். பொட்டைத் தொட்டுப் பார்த்து என்ன அடையாளம் இது என்று கேட்டார். மேனேஜர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தயங்காமல், "லோக்கல் ஸ்டாண்டர்ட் சார்" என்றார். பாஸ் ஆகிவிட்டோம்.

உண்மையான தீ வந்தது ஒரு காலை வேளையில், டீ இடைவெளி முடிகிற நேரத்தில். வார்னிஷ் காயவைக்கும் உலையின் பக்கத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன தின்னர்த் துணி பற்றிக்கொண்டது. அதிலிருந்து ஒரு டப்பாவுக்குத் தாவியது. கரும்புகை ஷெட் முழுவதும் பரவியது. சைரன் அடித்தபோது நான் கேட் அருகே இருந்தேன். ஓடி வருவதற்குள் ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள், நிற்காமல், மோதாமல், ஷூவோடு. பயிற்சி எடுத்த நாலு பேர் சிலிண்டர்களோடு உள்ளே இருந்தார்கள். பொட்டு வைத்த சிலிண்டர்கள், முன்னால் பெட்டி எதுவும் இல்லாத சிலிண்டர்கள்.

மஞ்சள் கோட்டைச் சுற்றி நின்றவர்களைப் பிரிவு பிரிவாகக் கூப்பிட்டேன். கட்டிங், சரி. பிரிண்டிங், சரி. பிரஸ் என்று கேட்டேன். ஒரு குரல் குறைந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அக்கா இல்லை.

அதற்குப் பிறகு நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். புகைக்குள் ஓடினேன். முகமூடி இல்லை, ஈரத் துணி இல்லை. "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே போனதில் ரெண்டு மடங்கு புகையைக் குடித்தேன். கண் எரிந்தது. அடுக்கியிருந்த தகரக் கட்டு ஒன்றில் முட்டியை இடித்துக்கொண்டேன். எந்தப் பக்கம் பிரஸ், எந்தப் பக்கம் கதவு என்று தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து யாரோ நான் மேலே போட்டிருந்த ஓவர்கோட்டின் காலரைக் கொத்தாகப் பிடித்து, மாட்டை இழுப்பது போலத் தரதரவென்று இழுத்தார்கள். வெளிச்சத்துக்கு வந்து விழுந்தபின் நிமிர்ந்து பார்த்தேன். அக்கா.

நடந்தது இதுதான். அன்று டீக் கிளாஸ் கழுவக் கதவருகே இருந்த குழாய்க்கு வந்திருக்கிறார். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்துவிட்டார். வந்தவர் மற்றவர்கள் மாதிரி கோட்டுக்கு வெளியே நிற்கவில்லை. ஷூவை ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுக் கோட்டுக்கு உள்ளே போய், மரத்துக்குப் பின்புறமாகக் கல்லைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். நான் கோட்டுக்கு வெளியே இருந்தவர்களைத்தான் எண்ணினேன், நான் கூப்பிட்டது வேண்டுதலில் இருந்த அவர் காதில் விழவில்லை. அவர் கண்ணைத் திறந்தபோது நான் புகைக்குள் ஓடுவது தெரிந்திருக்கிறது. அப்படியே எழுந்து வந்துவிட்டார்.

"வெளிய வந்தவங்க திரும்ப உள்ள போவக் கூடாதுன்னு நீதான சொன்ன? வாரா வாரம் நீதான சொன்ன?" என்று அக்கா கத்தினார். அதுவரை என்னை அவர் நீங்கள் என்றுதான் சொல்லி வந்திருந்தார்.

"ஷூ எங்கக்கா? ஷூ எங்க?" என்று நானும் கத்தினேன். சிமெண்டுத் தரையில் கதவிலிருந்து எங்கள்வரை ரத்தப் பாதங்கள் பதிந்திருந்தன. தகரச் சீவல் அவருடைய வலது உள்ளங்காலை நீளமாகக் கிழித்திருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே கட்டிப்பிடித்து அழுதோம். உள்ளே தீ அணைந்துவிட்டது என்று டிரைவர் வந்து சொன்னதைக்கூட நாங்கள் சரியாகக் கேட்கவில்லை.

அன்று அடிபட்டவர் ஒரே ஒருவர். தீயால் இல்லை, ஷூ போடாததால். வருடா வருடம் நெருப்பில் நடந்தும் ஒரு கொப்புளம்கூடக் காணாத கால் அது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தையல் போட்டு, ஊசி போட்டு, கட்டும் கட்டினார்கள். "ஒரு மாசத்துக்குக் கால ஊன்றி நடக்கக் கூடாது, தண்ணி படக் கூடாது" என்று டாக்டர் சொன்னார். அதுவரை வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத அக்கா அப்போதுதான் தேம்பினார். ஆடி வந்துகொண்டிருந்தது. இந்த வருடம் மிதிக்காவிட்டால் வீட்டுக்காரருக்கு மறுபடியும் எதாவது ஆகிவிடும் என்ற பயம் அவருக்கு. வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் நல்லாத்தான கீறன்" என்று தன் இடுப்பைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அது எடுபடவில்லை.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எனக்குப் பதிலா நீ மிதி" என்றார்.

"அக்கா, நான் சேஃப்டி ஆபீசர்."

"அதனாலதான் சொல்றன். நெருப்பப் பத்தி உனக்குத் தெரியாததா?"

"எனக்கு வேண்டுதல் எதுவும் இல்லக்கா."

"உனக்காகத்தான இந்தக் கால் கிழிஞ்சிது? தங்கச்சி மிதிச்சா ஆத்தா ஏத்துக்குவா. அவகிட்ட நான் பேசிக்கிறன்."

மறுத்துச் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. எத்தனை டிகிரியில் தோல் எரியும் என்றுகூடத் தெரியும். ஆனால் என் காலரில் இன்னும் அந்தக் கைப்பிடி இருப்பது போலத் தோன்றியது. சரி என்று தலையாட்டிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அவரைவிட வேண்டியவர் உலகத்தில் யாரும் இல்லை.

கையில் காப்புக் கட்டிக்கொண்டேன். விரதம் இருந்தேன். என் மாமியார் முதல் தடவையாக என் வேலையைப் பற்றி நல்லவிதமாக ரெண்டு வார்த்தை பேசினார். மேனேஜர் மட்டும், "ஆடிட்டருக்கு எதுவும் தெரிய வேணாம் மேடம்" என்று கதவைச் சாத்திக்கொண்டு கெஞ்சினார்.

தீமிதி அன்று மாலை சுத்துக்கேணிக்கு ஸ்கூட்டரில் போனேன். சீட்டுக்கு அடியில் தீக்காய மருந்து, கட்டுத் துணி. காலுக்கு நடுவில் ஒரு தீயணைக்கும் சிலிண்டர். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு குழியைச் சுற்றி ஒரு நடை வந்தேன். மணல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, கயிறு சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவரிடம், அவசரம் என்றால் வெளியேறும் வழி எது என்று கேட்டேன். அவர் என் சிலிண்டரையும் காப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்தாண்ட பால்குழி கீதும்மா. அதுல கால வச்சா முடிஞ்சிது" என்றார். சிலிண்டரைத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளவும் ஒத்துக்கொண்டார். போகிற போக்கில் யாரோ அதற்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனார்கள்.

உடுக்கையும் பம்பையும் முழங்க வரிசை நகர்ந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் போனார். அவருக்கு முன்னால் இருந்தவர் ஏற்கெனவே அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார். குழியின் விளிம்பில் என் முறை வந்தது. அனல் முகத்தில் அடித்தது. கண்ணுக்கு எதிரே சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நெருப்பை நெருங்காதே. வெறுங்காலோடு போகாதே. என் இரண்டு காலும் தரையில் ஆணி அடித்தது போல நின்றுவிட்டன.

குழிக்கு அந்தப் பக்கம், பால்குழியைத் தாண்டி, அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் நீட்டியிருந்தார். பக்கத்தில் வீட்டுக்காரர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, எழுந்து நேராக நின்றிருந்தார். அக்கா நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். பம்பைச் சத்தத்தையும் மீறி அவர் குரல் வந்தது.

"நிக்காத. பின்னாடி ஆளு வர்றாங்க. வந்துக்கினே இரு."

அது என் வார்த்தை. நான் இறங்கினேன். சூடு தெரிந்ததா என்று இன்றும் எல்லாரும் கேட்கிறார்கள். எனக்கு ஞாபகம் இருப்பது அக்காவின் முகம் மட்டும்தான். அதைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். பாலில் கால் பட்டபின்னும் நிற்கவில்லை, நேரே போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் நின்றேன். அக்கா குனிய முடியாமல் குனிந்து என் காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். நான் அவருடைய கட்டு நனைந்திருக்கிறதா என்று பார்த்தேன்.